மேற்படியார்

ஒருமுறை பெயர் வந்தால் போதும் புஷ்பம்,
அப்புறம் மேற்படியார் என்றே அடி,
ரிப்பன் மிச்சம் என்பார்.
அவருக்கே அந்தப் பெயரை வைத்தோம்
நானும் குமாஸ்தா சவரிநாதனும்.

கோத்தகிரி கோர்ட்டுக்கு எதிரே
பேக்கரி மாடியில் ஆபீஸ்.
பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், எல்லைக்கல் தகராறு
எல்லாவற்றிலும் வர்க்கி வேகும் வாசனை.
மழை மாதங்களில் கார்பன் தாள் நமுத்துவிடும்.
மெஷினில் 'ழ' மட்டும் ஒட்டிக்கொள்ளும்,
வழக்கு என்று அடிக்க
நகத்தால் நெம்ப வேண்டும்.

மண்டபம் முகாம் வழியாக வந்தவள் நான்.
என் சர்டிபிகேட்டில் இருந்த ஊரை
இங்கே யாருக்கும் தெரியாது.
எதுவும் கேட்காமல் வேலை கொடுத்தார்
வக்கீல் மா. சேவணன்.
அதை இங்கே சொல்லாமல் விட்டால்
என் பிரமாணம் பொய்.

பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த வருஷம்
நூற்றுப் பதினேழு பேர், ஒரே மனு.
இலை ஈரம் என்று சொல்லி
ஃபாக்டரிக்காரர்கள் எடையில் கழிக்கிறார்கள்.
மேற்படியார் நடந்துகொண்டே சொன்னார்:
மழைக்கு மனுதாரர் பொறுப்பல்ல.
முற்றுப்புள்ளி.
சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவர் அப்பா சுமந்த மூட்டைகளை நான் பார்த்ததில்லை.
மூக்கைச் சிந்தியது மட்டும் கேட்டது.

ஜெயித்தோம்.
அந்த வரி சுவர்களில் ஏறியது,
அப்புறம் ஒரு ஜீப்பில் ஏறி
அவரையும் கூட்டிக்கொண்டு போனது.
எம்.எல்.ஏ. பேச்சுகளையும் நான்தான் அடித்தேன்.
கமா, முற்றுப்புள்ளி சொல்லிய வாய்
இங்கே கைத்தட்டல் என்று போடு என்றது.
போட்டேன்.
நான் போடாத இடங்களிலும் தட்டினார்கள்.

இரண்டாம் தேர்தலில் தோற்றார்.
அரவேனு பக்கம் மூடிக்கிடந்த ஃபாக்டரி ஒன்று
பாங்க் ஏலத்துக்கு வந்தது.
முதலில் ஒன்று. பிறகு மூன்று. குன்னூரில் ஓட்டல்.
ஃபாக்டரி அதிபர்கள் சங்கத்துக்குச் சேர்மன்.
கம்ப்யூட்டர் வந்த அன்று
மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போ என்றார்.
ரசீது கேட்டேன்.
அறை நிறையச் சிரித்தார்.
எழுதித் தரவில்லை.

போன ஜூலையில் அவர் வாசலில் பலகை:
ஈரக் கழிவு நூற்றுக்குப் பன்னிரண்டு.
சேர்மன் உத்தரவுப்படி.

சவரிநாதன் மகள் பிளெஸ்ஸி இப்போது வக்கீல்.
மழைக்கோட்டோடு வந்து நின்றாள்.
பழைய மனு கோர்ட்டில் இல்லை ஆன்ட்டி,
கரையான் தின்றுவிட்டதாம்.
அவள் குடித்த காபி ஆறுவதற்குள்
போன் வந்தது.
புஷ்பம், சௌக்கியமா?
பழைய தாள் ஏதும் வைத்திருக்கிறாயா?
இருபது வருஷத்துக்குப் பின் அந்தக் குரல்,
கமா விடவேண்டிய இடத்தில்
இன்னும் சரியாக மூச்சு விடுகிறது.

ஐயா, என்றேன்,
ரிப்பனைத்தான் மிச்சம் பிடிக்கச் சொன்னீர்கள்.
கார்பனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் லைனில் மழை மட்டும்.
அங்கேயும் பெய்திருக்க வேண்டும்.

மெஷினில் மேலே இருக்கும் தாள் மேற்படி.
அடியில் நீலமாய் விழுவது கீழ்ப்படி.
அப்படித்தான் இருந்தேன், அந்தச் சோற்றைத்தான் தின்றேன்,
என் மகனின் காலேஜ் ஃபீஸ்கூட அந்தக் கையிலிருந்துதான்.
இதையும் எழுதிக்கொள் என்றேன் பிளெஸ்ஸியிடம்.
இது எதற்கு ஆன்ட்டி என்றாள்.

டிரங்குப் பெட்டியின் அடியில்
பிஸ்கட் டின்னுக்குக் கீழே இருந்தது.
அவர் கையெழுத்து இல்லை,
கார்பனில் கையெழுத்து இருக்காது.
ஓரத்தில் சின்னதாய் என் இனிஷியல் மட்டும்.
மூன்றாம் பக்கத்தில் 'ழ' சரியாக விழவில்லை.
மைக்கு மனுதாரர் என்று வாசித்துத் திணறினாள் பெண்.
மழைக்கு, என்றேன் பார்க்காமலே.

பையில் வைக்கப் போனவளை நிறுத்தி
ஒரு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு
எடுத்துப் போ என்றேன்.